மோட்டார் சைக்கிள் பிரேக்: மாதம் ஒருமுறை வீட்டு வாசலிலேயே பார்க்க வேண்டியவை

விடியற்காலையில் ஜொகூர் பாலத்தை நோக்கி வரிசை பிடிக்கும் மோட்டார் சைக்கிள்கள், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் வேலைக்குப் போகும் கப்சாய்கள், கிள்ளான் பள்ளத்தாக்கில் மதியமும் இரவும் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து ஓடும் வண்டிகள் என எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு பொதுவான பழக்கத்தைக் காணலாம். எஞ்சின் எண்ணெயை அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்பது உரிமையாளருக்கு நினைவில் இருக்கும். பிரேக்கைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் வரத் தாமதமாகும். "பிடிக்கும்போது நிற்கிறதே, பிறகு என்ன?" என்பதே பலரின் பதிலாக இருக்கும்.

மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இந்த விபத்துகள் அனைத்துக்கும் பிரேக்கே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடுகிறது. அது நான்கு மைவி கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் தூரத்துக்கும் அதிகம். முன்னால் போகும் கார் திடீரென நிற்கும்போது, தேய்ந்த பிரேக் தாமதப்படுத்தும் அரை விநாடிக்குக்கூடப் பெரிய விலை உண்டு.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. சிங்கப்பூரில் பதிவு செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள் மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிட்டால், ஆண்டுதோறும் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக் சரியாக இல்லையென்றால் அங்கே தேறாது. மலேசியாவில் சொந்தப் பயன்பாட்டுக்கான மோட்டார் சைக்கிளுக்கு அப்படி ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை இல்லை. காப்புறுதி எடுத்து, சாலை வரியைப் புதுப்பித்தால் போதும். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு ஓடிய வண்டியின் பிரேக்கை அதன் உரிமையாளரைத் தவிர வேறு யாரும் ஒருமுறைகூடப் பார்க்காமல் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த உரிமையாளரும் பார்க்கவில்லை என்றால் யாருமே பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

கைக்குத் தெரியாது, கண்ணுக்குத்தான் தெரியும்

பிரேக் தேய்ந்தால் பிடிக்கும்போதே தெரிந்துவிடும் என்று நம்புவோர் அதிகம். உண்மையில் டிரம், டிஸ்க் ஆகிய இரு வகைப் பிரேக்குகளுமே தங்கள் தேய்மானத்தை மறைத்துக்கொள்ளும் தன்மை உடையவை.

டிரம் பிரேக்கில் சக்கரத்தின் நடுவே உள்ள குடத்துக்குள் பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள் இருக்கும். கால் மிதியை அழுத்தினால் ஒரு கம்பி பின்னால் உள்ள சிறு கையை இழுக்கிறது. அந்தக் கை உள்ளே ஒரு கேமைத் திருப்ப, இரு ஷூக்களும் விரிந்து டிரம்மின் உட்சுவரை உரசி வண்டியை நிறுத்துகின்றன. ஷூ தேயத் தேய மிதியை அதிக ஆழத்துக்கு அழுத்த வேண்டிவரும். உடனே கம்பியின் முனையில் உள்ள நட்டை இரண்டு சுற்று இறுக்குவார்கள். மிதி மீண்டும் பழைய உயரத்தில் பிடிக்கும். பிரேக் புதிதுபோல ஆகிவிட்டதாகத் தோன்றும். தேய்ந்த ஷூ அப்படியேதான் இருக்கிறது. மாறியது நட்டின் இடம் மட்டுமே.

டிஸ்க் பிரேக்கில் இந்த மறைப்பு தானாகவே நடக்கிறது. பேட் தேய்ந்த அளவுக்கு கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் சற்று வெளியே வந்து நின்றுகொள்கிறது. அதனால் கைப்பிடியின் இறுக்கம் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பேட்டின் உராய்வுப் பகுதி முழுவதும் கரைந்து இரும்புத் தகடு டிஸ்க்கை உரசும் நாளில்தான் "கிரீச்" என்ற சத்தம் கேட்கும். அன்று பேட்டோடு டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். பேட்டை மட்டும் உரிய நேரத்தில் மாற்றுவதற்கு ஆகும் செலவு அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

ஆகவே மாதம் ஒருமுறை, வண்டியைக் கழுவும் நாளில், பத்து நிமிடம் ஒதுக்கிக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதற்கு ஒரு டார்ச் லைட்டும், ஒரு அடிக்கோலும், வண்டியோடு வந்த ஸ்பேனரும் போதும். வண்டி ஓடி வந்த உடனே தொட வேண்டாம். டிஸ்க்கும் டிரம்மும் கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும்.

முன்னும் பின்னும் டிரம் உள்ள வண்டிகள்

ஹோண்டா இஎக்ஸ்5 இந்நாட்டில் பல தலைமுறைகள் ஓட்டிய வண்டி. தாத்தா தோட்டத்துக்கு ஓட்டியதைப் பேரன் கல்லூரிக்கு ஓட்டும் வீடுகள் உண்டு. அதன் இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். ஹோண்டா வேவ் போன்ற பல வண்டிகளில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஆகவே டிரம் பிரேக்கைப் பற்றித் தெரிந்துகொள்வது பழைய கதை அல்ல.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்சக்கரத்தின் பக்கவாட்டில், கம்பி வந்து சேரும் சிறு கையின் அடியில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதற்கு அருகே டிரம்மின் மூடியில் ஒரு கோடோ முக்கோணமோ பொறிக்கப்பட்டிருக்கும். வீட்டில் ஒருவரை மிதியை முழுமையாக அழுத்தச் சொல்லிவிட்டு அம்புக்குறியைப் பாருங்கள். அது அந்தக் குறியை எட்டிவிட்டது என்றால் ஷூவின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் இந்த அம்புக்குறி பொய் சொல்லாது. பல ஆண்டுகளாக வண்டி ஓட்டுபவர்கள்கூட இப்படி ஒன்று இருப்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். சேறு அப்பி மறைந்திருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் தெரியும்.

அம்புக்குறி இன்னும் குறியை எட்டவில்லை என்றால் அடுத்து மிதியின் தளர்வு. ஹோண்டா கப்சாய்களில் மிதியின் நுனி பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் 20 முதல் 30 மில்லிமீட்டர்வரை வெறுமனே இறங்க வேண்டும். முன் பிரேக்கும் டிரம்மாக இருந்தால் கைப்பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு தேவை. அடிக்கோலை வைத்து அளந்து பாருங்கள். தளர்வு அதிகம் என்றால் கம்பியின் முனையில் உள்ள நட்டை அரைச் சுற்று வலப்பக்கம் திருப்பி மீண்டும் அளக்க வேண்டும். நட்டில் ஒரு பக்கம் வளைவான வெட்டு இருக்கும். அது கையில் உள்ள உருளை ஊசிமீது சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காராமல் நின்றால், ஓடும்போது அது உட்கார்ந்து தளர்வு திடீரென மாறிவிடும்.

சிலர் பிரேக் "கூராக" இருக்க வேண்டும் என்று தளர்வே இல்லாமல் இறுக்கிவிடுகிறார்கள். அது தவறு. ஷூ எப்போதும் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். டிரம் சூடேறும், ஷூ வேகமாகத் தேயும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். சரிசெய்த பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். உரசல் சத்தமின்றி இலகுவாகச் சுற்ற வேண்டும்.

செயின் இறுக்குபவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் தள்ளும்போது பிரேக் கம்பியும் இழுபடும். மிதியின் தளர்வு குறைந்துவிடும். செயின் வேலை முடிந்ததும் பிரேக்கை மீண்டும் அளக்காமல் வண்டியை எடுத்தால் பின் பிரேக் பாதி பிடித்த நிலையிலேயே ஓடும். பின்விளக்கையும் பார்க்க வேண்டும். மிதியோடு இணைந்த சிறு சுவிட்ச்தான் அதை எரிய வைக்கிறது. தளர்வு மாறினால் விளக்கு எரியும் நேரமும் மாறும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் தருணத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாக வேண்டும். இரவில் லாரிக்கு முன்னால் போகிறவருக்கு அது சாதாரண விஷயம் அல்ல.

ஷூவை வீட்டிலேயே மாற்றலாமா? சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகியவர்கள் மாற்றலாம். புதிய ஷூவின் உராய்வுப் பகுதி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இருக்கும். 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். டிரம்மும் தேயும். பல ஹோண்டா கப்சாய்களின் டிரம் உள்விட்டம் புதிதில் 110 மில்லிமீட்டர், 111 தான் எல்லை. அதைத் தாண்டினால் ஷூவை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஷூ மிகவும் தேய்ந்த வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, திரும்பிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். அப்போது சக்கரம் பூட்டிக்கொள்ளும். இது தேய்ந்த டிரம் பிரேக்கின் மிக மோசமான முடிவு.

மூடியைத் திறந்ததும் உள்ளே கறுப்புத் தூள் குவிந்திருக்கும். வாயால் ஊதுவதோ காற்றுக் குழாயைப் பிடிப்பதோ கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் அணிந்து ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுவதே சரி. கேமின் மீதும் ஷூ தங்கும் ஊசியின் மீதும் மட்டும் சூட்டைத் தாங்கும் கிரீஸைச் சிறிதளவு தடவலாம். ஷூவின் முகத்தில் ஒரு விரல் ரேகை அளவுக்குக்கூட கிரீஸ் படக்கூடாது.

திரும்ப மாட்டும்போது நடக்கும் ஒரு தவறு உயிருக்கே ஆபத்து. பல கப்சாய்களில் டிரம் மூடியைப் பின்கையோடு பிணைக்கும் ஒரு தட்டைக் கம்பி உண்டு. பிரேக் பிடிக்கும்போது மூடியும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலாமல் தடுப்பது அதன் வேலை. அதன் நட்டை இறுக்க மறந்தாலோ, பின்னைப் போட மறந்தாலோ, முதல் கடுமையான பிரேக்கில் மூடி சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் தரையில் ஏதேனும் நட்டோ பின்னோ மிச்சம் கிடந்தால் வண்டியை எடுக்கக் கூடாது.

டிஸ்க் பிரேக்

யமஹா ஒய்15இசட்ஆர் போன்ற வண்டிகளில் இரு சக்கரங்களுக்கும் டிஸ்க். இங்கே முதல் வேலை டார்ச் அடித்து கேலிப்பருக்குள் எட்டிப் பார்ப்பது. டிஸ்க்கின் இரு பக்கமும் ஒவ்வொரு பேட் தெரியும். இரும்புத் தகட்டோடு ஒட்டியிருக்கும் உராய்வுப் பகுதியின் தடிமனைத்தான் பார்க்க வேண்டும், தகட்டைச் சேர்த்து அல்ல. பெரும்பாலான பேட்களில் ஒரு பள்ளமோ வெட்டோ இருக்கும். அது மறைந்துவிட்டால் மாற்றும் நேரம். அப்படி ஒன்று தெரியவில்லை என்றால் 2 மில்லிமீட்டரை எல்லையாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. தயாரிப்பாளர்கள் சொல்லும் இறுதி எல்லை பொதுவாக இன்னும் குறைவாக, ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். ஆனால் அடுத்த சோதனை ஒரு மாதம் கழித்து என்பதை மறக்கக் கூடாது. நாள் முழுவதும் நின்று நின்று ஓட்டும் உணவு விநியோகிப்பாளருக்கு ஒரு மாதம் என்பது நீண்ட காலம்.

இரு பேட்களையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் நன்றாக இருந்து மறுபக்கம் மட்டும் கரைந்திருந்தால் பேட்டில் குறை இல்லை. கேலிப்பர் நகர வேண்டிய ஊசிகள் துருவேறியோ காய்ந்தோ சிக்கிக்கொண்டிருக்கின்றன. பேட்டை மட்டும் மாற்றினால் அதுவும் அதேபோல் ஒருபக்கமாகத் தேயும். ஊசிகளைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கு உரிய சிலிக்கான் கிரீஸைத் தடவச் சொல்லிப் பட்டறையில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பல இடங்களில் செய்ய மாட்டார்கள்.

டிஸ்க்கின் மீது நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளங்கள் இருந்தாலோ, ஓரத்தில் உயர்ந்த விளிம்பு உருவாகியிருந்தாலோ அதன் தடிமனை அளக்க வேண்டும். எவ்வளவு மெலியலாம் என்பதை டிஸ்க்கிலேயே "மின் டிஹெச்" என்ற ஆங்கில எழுத்துகளோடு ஓர் எண்ணாகப் பொறித்திருப்பார்கள்.

பேட் மாற்றுவதை ஒருமுறை பொறுமையாகக் கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் வரிசை முக்கியம். புதிய பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது மேலே கைப்பிடி அருகே உள்ள சிறு தொட்டிக்கு எண்ணெய் திரும்பி வரும். தொட்டி ஏற்கனவே நிறைந்திருந்தால் வழியும். பிரேக் எண்ணெய் பெயின்டைத் தின்றுவிடும். பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பேட் வெளியே இருக்கும்போது விளையாட்டுக்குக்கூடக் கைப்பிடியை அழுத்தக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு செய்ய வேண்டியதுதான் மிக முக்கியம். வண்டியில் ஏறுமுன், நின்ற இடத்திலேயே கைப்பிடியை இறுகும்வரை பலமுறை அழுத்த வேண்டும். உள்ளே தள்ளிய பிஸ்டன் மீண்டும் பேட்டைத் தொடும்வரை பிரேக் என்று ஒன்று அந்த வண்டியில் இல்லை. இதை மறந்து வாசலை விட்டு வெளியேறியவர் முதல் சந்திப்பில்தான் அதைத் தெரிந்துகொள்வார். புதிய பேட் முதல் 100, 200 கிலோமீட்டர் ஓடி டிஸ்க்கோடு பொருந்தும்வரை முழு பலத்தில் பிடிக்காது. அந்த நாள்களில் இடைவெளி விட்டு நிதானமாக ஓட்ட வேண்டும்.

எஞ்சின் எண்ணெயோ செயினுக்கு அடிக்கும் ஸ்பிரேயோ பேட்டில் பட்டுவிட்டால் அந்த பேட் வீண். மணல் தாளால் தேய்த்தோ நெருப்பில் காட்டியோ சரிசெய்யலாம் என்று சொல்வார்கள். உராய்வுப் பொருளுக்குள் ஊறிய எண்ணெய் சூடேறும்போது மீண்டும் வெளியே வரும். புது பேட் ஒரு ஜோடியின் விலையை நினைத்தால் அந்தச் சோதனைக்கு அவசியம் இல்லை. பளபளவென்று கண்ணாடிபோல் ஆகிவிட்ட பேட்டை மட்டும் மணல் தாளால் லேசாக உரசிவிடலாம். டிஸ்க்கைச் சுத்தம் செய்ய பிரேக் கிளீனரைத் தவிர வேறு எந்த ஸ்பிரேயும் வேண்டாம்.

மெட்டல் பேட் போட்டால் நீண்ட நாள் வரும் என்று கடைக்காரர் சொல்லலாம். மழையிலும் சூட்டிலும் அது நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கென்று செய்யப்படாத டிஸ்க்கை அது விரைவாகத் தேய்த்துவிடும். வண்டியோடு வந்த வகையே பெரும்பாலோருக்குப் போதும்.

தொட்டியில் எண்ணெய் குறைந்தால்

பிரேக் எண்ணெய்த் தொட்டியின் பக்கத்தில் சிறு கண்ணாடி இருக்கும். வண்டியை நேராக நிறுத்திப் பார்த்தால் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கு மேல் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்புவது பலரின் வழக்கம். இங்கேதான் டிஸ்க் பிரேக்கின் இன்னொரு மறைப்பு நடக்கிறது. பேட் தேயும்போது பிஸ்டன் வெளியே வருவதால் அந்த இடத்தை நிரப்ப எண்ணெய் கீழே இறங்குகிறது. எண்ணெய் குறைந்தது என்றால் பேட் தேய்ந்திருக்கலாம் என்று வண்டி சொல்கிறது. பேட்டைப் பார்க்காமல் எண்ணெயை மட்டும் நிரப்பினால் அந்தச் செய்தி அழிந்துவிடும். பேட் நன்றாக இருந்தும் எண்ணெய் குறைந்தால் எங்கோ கசிகிறது. அந்த வண்டியை ஓட்டிப் போகாமல் ஏற்றிப் போவது நல்லது.

பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. நம் நாட்டின் புழுக்கத்தில் அதற்கு ஈரம் தேடி அலைய வேண்டியதில்லை. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 பாகைவரை இறங்கக்கூடும். டாட் 3 வகைக்கு அவை முறையே 205, 140. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறிவிட்டு, இறங்கும்போது வழியெல்லாம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் கேலிப்பர் கடுமையாகச் சூடேறும். பழைய எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். கைப்பிடி பஞ்சுபோல் கைக்குள் வந்துவிடும்; வண்டி நிற்காது. மலையிறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்வது இதனால்தான்.

புதிய எண்ணெய் இளம் பொன்னிறத்தில் இருக்கும். கண்ணாடியில் கோப்பி ஓ நிறம் தெரிந்தால் மாற்றும் காலம் எப்போதோ கடந்துவிட்டது. நிறம் மாறாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதே பொதுவாகக் கையேடுகள் சொல்வது. எந்த வகை ஊற்ற வேண்டும் என்பது தொட்டியின் மூடியிலேயே இருக்கும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை. டாட் 3, டாட் 4 ஆகியவற்றோடு அதைக் கலக்கக் கூடாது. பாதி காலியாகி, பல மாதமாக அலமாரியில் கிடக்கும் பாட்டிலையும் பயன்படுத்த வேண்டாம்.

எண்ணெயை மாற்றி, குழாயில் உள்ள காற்றை வெளியேற்றும் வேலையைப் பழக்கமில்லாதவர்கள் வீட்டில் செய்யாமல் பட்டறைக்கு விடுவதே நல்லது. காணொளியில் பார்க்க எளிதாகத்தான் தெரியும். உள்ளே ஒரு குமிழ் தங்கிவிட்டால் அது அவசரத்தில் மட்டுமே தன்னைக் காட்டும். வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கைப்பிடியை இறுக அழுத்திப் பத்து விநாடி பிடித்திருங்கள். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. பஞ்சுபோல் இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. அழுத்தும்போதே ரப்பர் குழாயையும் பாருங்கள். வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் தாமதிக்க வேண்டாம்.

மழையும் செம்மண்ணும்

கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடம் 1970-களிலிருந்தே இருக்கிறது. மழை வந்தால் மேம்பாலத்தின் கீழ் நூற்றுக்கணக்கானோர் ஒதுங்கி நிற்பதும் அன்றாடக் காட்சி. மழை விட்டுப் புறப்படும்போது டிஸ்க்கின் மீது நீர்ப்படலம் இருக்கும். முதல் பிடியில் பிரேக் சற்றுத் தாமதமாகவே பிடிக்கும். வேகம் எடுக்கும் முன் இரு பிரேக்குகளையும் லேசாகப் பிடித்து விட்டால் நீர் விலகும். டிரம்முக்குள் நீர் புகுந்தால் இன்னும் மோசம், எளிதில் வெளியேறாது. தேங்கிய நீரைக் கடந்து வந்தால் கொஞ்ச தூரம் பிரேக்கை மெல்ல உரசவிட்டு ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும்.

வெள்ளத்தில் முழுகிய வண்டி வேறு கதை. வெள்ளம் வடிந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகிறதா என்பதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். டிரம்மைத் திறந்து சேற்றை எடுக்காமலும், பிரேக் எண்ணெயை மாற்றாமலும் அதை ஓட்டக் கூடாது.

தோட்டத்துச் சாலையில் ஓடும் வண்டிக்கு மழைகூட வேண்டாம். செம்மண் தூசியே ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையில் மணல் தாளாக வேலை செய்யும். நகரத்து வண்டியை மாதம் ஒருமுறை பார்த்தால், தோட்டத்து வண்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

முன் பிரேக்கைப் பற்றிய பயம்

"முன் பிரேக்கைப் பிடிக்காதே, தலைகுப்புற விழுவாய்" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம். இதன் விளைவைப் பல கப்சாய்களில் பார்க்கலாம். பின் ஷூ கரைந்திருக்கும், முன் பேட்டோ புதிதுபோல இருக்கும். அதன் ஊசிகள் மட்டும் துருவேறியிருக்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின் மீது சாய்வதால் வண்டியை நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. எடை குறைந்த பின்சக்கரம் எளிதில் பூட்டிக்கொண்டு சறுக்கும். முன் பிரேக்கைத் திடீரென்று பறித்துப் பிடிப்பதுதான் ஆபத்து. படிப்படியாக அழுத்தி, பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பதே முறை. வளைவில் சாய்ந்திருக்கும்போதும் மணல் சிதறிய இடத்திலும் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

பட்டறைக்குப் போகும்போது கழற்றிய பழைய பேட்டையோ ஷூவையோ கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல போர்மேன் தாமே எடுத்துக் காட்டுவார். மாட்டப் போகும் புதிய பொருளின் பெட்டியையும் பார்க்கலாம். பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயரில் போலிகள் வருவதால், வழக்கமான விலையைவிட மிகக் குறைவாக இருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு டேப்பில் எழுதி இருக்கைக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வண்டியை வேறொருவர் பார்த்தாலும், தம்பியோ மகனோ ஓட்டத் தொடங்கினாலும், எதை எப்போது மாற்றினோம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.